கேளாமல் வகுத்த ஒழுங்கு

தேநீர்க்கடையொன்றிற் சென்றமர்ந்து, "ஒரு தேத்தண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டு வாளாவிருப்போமாயின், எமக்கு முன் கொணர்ந்து வைக்கப்படுவது சீனி கலந்த தேநீரேயாகும். சீனி வேண்டுமா என்று எவரும் கேட்பதில்லை. எத்தனை கரண்டி என்றும் கேட்பதில்லை. வேண்டாதவரே வாய்திறந்து அதனைச் சொல்லவேண்டும். சொல்லாதவர் யாவரும் சீனியை விரும்புபவர் என்று கடைக்காரர் கொள்கிறார். அவர் கொண்டது தவறென்று நாம் கூறவில்லை. பத்துப் பேருக்கு ஒரே வேளையில் தேநீர் ஆற்றுபவர் ஒவ்வொருவரையும் உசாவிக்கொண்டிருத்தல் இயலாத கருமம். ஆயினும் நீரிழிவு நோயுடைய முதியவரொருவர் கூச்சத்தினாற் பேசாதிருந்து அத்தேநீரை அருந்திவிட்டு எழுந்து செல்வாராயின், அங்கே தீர்மானஞ் செய்தவர் யார்? முதியவரா, கடைக்காரரா? இருவரும் தீர்மானிக்கவில்லை, கடையின் வழக்கமே இருவருக்குமாகத் தீர்மானித்துவிட்டது.

ஒருவர் ஒன்றும் சொல்லாதவிடத்துத் தானாகவே நடந்தேறும் ஒழுங்கினை ஆங்கிலத்திலே 'டிபோல்ட்' என்பர். நாம் அதனை ஈண்டு இயல்பமைப்பு என்று வழங்குவோம். அவ்வாங்கிலச் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. 2022ஆம் ஆண்டிலே எமது நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது நின்றபோது, பத்திரிகைகளெல்லாம் அந்தச் சொல்லையே தலைப்பில் இட்டன. கடன் தவறுதல் என்பது அப்பொருள். இரண்டு பொருளும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. செய்யவேண்டியதொன்றைச் செய்யாது விடுதல் என்பதே அவ்வேரின் கருத்து. கடனாளி செலுத்தாது விட்டால் நேர்வதும் டிபோல்ட். கணினியின் முன் இருப்பவர் தேர்ந்தெடுக்காது விட்டால் நேர்வதும் டிபோல்ட். இவ்விரண்டாவதையே, அதிலும் அதன் மிகச் சிறிய கூறொன்றையே, இவ்வாரம் வாசகர்கள் முன் வைக்க எண்ணுகின்றோம். கணக்கெழுதும் விரிதாள் மென்பொருளிலே, அச்சிடுவதற்கென்று முன்னரே வகுத்து வைக்கப்பட்டிருக்கும் ஒழுங்குகளே எமது பொருள். இத்துணைச் சிறிய விடயத்தில் எழுதுவதற்கு என்ன உண்டு என்று சிலர் வினவக்கூடும். சற்றுப் பொறுமையுடன் படிக்குமாறு அவர்களை வேண்டுகிறோம்.

விரிதாளைப் பற்றி மாணவர்கள் பாடசாலையிற் படித்திருப்பர். பெற்றோரின் பொருட்டுச் சுருக்கமாகக் கூறுவோம். கணக்குப் பிள்ளைகள் முன்னாளிற் பெரிய தாளிலே குறுக்கும் நெடுக்கும் கோடிட்டு எண்களை நிரைநிரையாக எழுதிக் கூட்டினார்களன்றோ? அத்தாளைக் கணினித் திரையிலே அமைத்துத் தருவதே விரிதாள். 1979ஆம் ஆண்டில் டான் பிரிக்லின், பொப் பிராங்ஸ்டன் என்னும் இரு அமெரிக்கர்கள் 'விசிகல்க்' என்ற பெயரில் இதனை ஆக்கி வெளியிட்டனர். 1983இல் 'லோட்டஸ் 1-2-3' வந்தது. 1985இல் 'எக்செல்' பிறந்தது. இக்காலத்து எக்செல் தாளொன்றில் 10,48,576 நிரைகளும் 16,384 நிரல்களும் உள. திரையிலே அதற்கு எல்லையே இல்லை என்று சொல்லுமளவுக்கு அது விரிந்து கிடக்கின்றது.

கடதாசியோ அவ்வாறன்று. அதற்கு நான்கு ஓரங்கள் உண்டு. எல்லையற்ற ஒன்றை எல்லையுடைய ஒன்றின்மேல் இறக்கும்போது எங்கே வெட்டுவது, எதனை முதலில் இடுவது, எதனை விடுவது என்று யாராவது தீர்மானித்தேயாக வேண்டும். நாம் தீர்மானியாதபோது மென்பொருள் தீர்மானிக்கின்றது. அது செய்துவைத்திருக்கும் தீர்மானங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தாளை நெடுக்காகவே வைக்கின்றது. இடப்புறமும் வலப்புறமும் 0.7 அங்குலமும், மேலுங் கீழும் 0.75 அங்குலமும் வெறுமையாக விடுகின்றது. எழுத்தைச் சுருக்காது நூற்றுக்கு நூறு அளவிலே இடுகின்றது. திரையில் நாம் காணும் கட்டக் கோடுகளைக் கடதாசியில் இடுவதில்லை. தலைப்பு நிரையை முதற் பக்கத்தில் மாத்திரமே இடுகின்றது. ஒரு பக்கத்தின் அகலத்துள் அடங்காத நிரல்களைத் தனியே ஒதுக்கிவைத்து, இடப்புறப் பகுதியை மேலிருந்து கீழாக முற்றாக அச்சிட்டு முடித்த பின்னரே, வலப்புறப் பகுதியை மீண்டும் மேலிருந்து தொடங்குகின்றது. இவை எக்செல்லின் இயல்பமைப்புகள். இவற்றுள் எதனையும் எவரும் எம்மிடம் கேட்டுச் செய்ததில்லை.

தாளின் அளவும் அவ்வாறே. ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் வழங்கும் தாளுக்கு 'லெட்டர்' என்று பெயர். அதன் அகலம் 216 மில்லிமீற்றர். உயரம் 279 மில்லிமீற்றர். எமது நாட்டிலும் உலகின் பெரும்பகுதியிலும் வழங்குவது ஏ4. அதன் அகலம் 210, உயரம் 297. ஆகவே எமது தாள் அவர்களது தாளைவிட 6 மில்லிமீற்றர் ஒடுங்கியது; 18 மில்லிமீற்றர் நெடியது. அமெரிக்காவிலிருந்து உறவினரொருவர் அனுப்பிய கணக்குக் கோப்பினைக் கொழும்பிலே அச்சிட முயல்வோமாயின், அக்கோப்பு தன் நாட்டுத் தாளின் அளவையும் உடன் சுமந்துகொண்டே வருகின்றது. சில அச்சுப்பொறிகள் 'லெட்டர்' இடுமாறு கேட்டு, சிவப்பு விளக்கு மினுக்கிக் காத்து நிற்கும். கடிதம் எதனையும் தாம் எழுதவில்லையே என்று அதனைப் பார்த்து மருளும் புதிய இலிகிதர்கள்மேல் நாம் குற்றங் காணமாட்டோம்.

ஏ4 தாளின் அளவு தற்செயலாக அமைந்ததன்று. 1786ஆம் ஆண்டிலே ஜேர்மன் நாட்டு விஞ்ஞானி லிச்டன்பேர்க் என்பார் கடிதமொன்றில் ஒரு கருத்தைக் குறித்தார். தாளொன்றின் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் இரண்டின் வர்க்கமூலமாக, அதாவது ஏறக்குறைய 1.414 ஆக, அமையுமாயின், அத்தாளை நடுவே மடித்தாலும் பாதித்தாள் முழுத்தாளின் வடிவத்தையே கொண்டிருக்கும் என்பது அது. 1922இல் வால்ரர் போர்ஸ்ற்மன் என்பவரின் முயற்சியால் ஜேர்மன் நாட்டுத் தரமாகவும், 1975இல் சர்வதேசத் தரமாகவும் அவ்விகிதம் நிலைபெற்றது. ஏ0 என்னும் பெருந்தாளின் பரப்பு ஒரு சதுர மீற்றர். அதனை நான்கு முறை மடித்தால் 16 ஏ4 தாள்கள் கிடைக்கும். எமது தந்தையரும் பாட்டன்மாரும் எழுதியது 13 அங்குல உயரமுள்ள புல்ஸ்காப் தாளிலே. அவர்களுக்கு இயல்பாயிருந்தது எமக்கு இயல்பன்று. ஒரு தலைமுறையின் இயல்பமைப்பை அடுத்த தலைமுறை மாற்றியிருக்கின்றது, உலகம் கவிழ்ந்துவிடவில்லை.

இவையெல்லாம் கந்தோர்க்காரருக்குரிய நுணுக்கங்கள், குடும்பங்களுக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று எண்ணுவோருக்கு, நாம் நேரிற் கண்ட நிகழ்ச்சியொன்றைக் கூறுவோம்.

எமக்குத் தெரிந்த சிற்றூரொன்றிலே மரண உதவிச் சங்கமொன்று உண்டு. அங்கத்தவர்கள் 62 பேர். மாதந்தோறும் ஒரு சிறு தொகையைக் கட்டுவார்கள். அங்கத்தவர் வீட்டிலே துக்கம் நேர்ந்தால், செலவுக்கென ஒரு தொகை அன்றே கொடுக்கப்படும். அதன் தனாதிகாரியாக இருந்தவர் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர். பல்லாண்டுகள் அவர் பேரேட்டிலே தமது கையெழுத்தாலேயே கணக்கெழுதி வந்தார். ஐந்து சதம் பிசகினாலும் இராத்தூக்கம் கொள்ளாத இயல்பினர் என்பதை ஊரே அறியும். ஓராண்டு அவரது பேத்தி, உயர்தர வகுப்பு மாணவி, அக்கணக்கு முழுவதையும் கணினியில் ஏற்றிக் கொடுத்தாள். இலக்கம், பெயர், பன்னிரண்டு மாதங்கள், மொத்தம், மிகுதி என்று 16 நிரல்கள். கூட்டல் ஒன்றேனும் பிழைக்கவில்லை. கோப்பினைப் பட்டினத்துக் கடையொன்றிலே அச்சிட்டு, நிழற்பிரதி எடுத்து, வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குக் கொண்டுவர ஒழுங்கு செய்தார்கள்.

நெடுக்காக வைத்த ஏ4 தாளிலே வழமையான அகலமுள்ள நிரல்கள் ஒன்பது அல்லது பத்தே அடங்கும். ஆகையால் கடைக்காரரின் பொறியிலிருந்து நான்கு தாள்கள் வெளிவந்தன. முதலிரண்டிலும் 62 பேருடைய பெயர்களும் யூலை மாதம் வரையுள்ள பணமும் இருந்தன. மற்றை இரண்டிலும் ஓகஸ்ட் முதல் திசெம்பர் வரையுள்ள பணமும் மொத்தமும் மிகுதியும் இருந்தன; ஆனால் அவற்றிலே ஒருவர் பெயரும் இல்லை. பெயர் நிரல் முதற் பகுதியோடு நின்றுவிட்டதன்றோ? கடையிலே வேலை செய்த இளைஞர், பெயர்ப்பட்டியல் முதலாம் இலக்கத்திலிருந்து 62 வரை இரண்டு தாளில் முற்றுப்பெற்றிருப்பதைக் கண்டார். பெயரில்லாத எண்கள் நிறைந்த தாள்களைப் பொறி தவறி உமிழ்ந்தவையென்று கருதி ஒதுக்கிவிட்டார். முதலிரண்டு தாள்களுக்கு மாத்திரம் பிரதிகள் எடுக்கப்பட்டன.

கூட்டத்திலே பிரதிகள் கைமாறிய சில நிமிடங்களுள் சலசலப்பு எழுந்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "ஓகஸ்ட்டுக்குப் பிறகு கட்டின காசு எங்கை, மாஸ்டர்?" என்று கேட்டார். அவர் பகைமையினாற் கேட்கவில்லை. தமது கையிலிருந்த தாளைப் பார்த்தே கேட்டார். அதற்குள் வேறொருவர், மிகுதி என்றொரு நிரலே இல்லையே என்றார். ஆசிரியர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் போட்டார். "பிள்ளை, கணக்குப் பிழைச்சுப் போச்சோ?" என்று பேத்தியை நோக்கி மெல்லக் கேட்டார். அவள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இல்லை அம்மப்பா, கணக்குச் சரி. ஒற்றைதான் பிரிஞ்சு போச்சு" என்றாள். மண்டபத்திலே அச்சொல் எத்தனை பேருக்குக் கேட்டதோ அறியோம்.

ஆசிரியர் வீட்டுக்குச் சென்று பழைய பேரேட்டை எடுத்துவந்து, ஓகஸ்ட் முதல் திசெம்பர் வரை ஒவ்வொருவர் பெயராக உரத்து வாசித்தார். ஒரு சதமும் குறையவில்லை. அடுத்த வாரம் முழுக் கணக்கும் மீண்டும் அச்சிடப்பட்டு வீடுவீடாகக் கொடுக்கப்பட்டது. எனினும் "மாஸ்டரின்ரை கணக்கிலை ஏதோ குழப்பமாம்" என்ற வார்த்தை, திருத்திய தாளைவிட விரைவாக ஊரைச் சுற்றி வந்துவிட்டது. மறு ஆண்டு அவர் அப்பதவியை ஏற்க மறுத்துவிட்டார். முதுமையைக் காரணமாகச் சொன்னார். எவரும் வற்புறுத்தவில்லை.

இங்கே குற்றவாளி யார்? மாணவி கணக்கைச் சரியாகவே செய்தாள். கடை இளைஞர் தமக்குத் தோன்றியவாறு நல்லெண்ணத்துடன் செய்தார். கேள்வி கேட்ட அங்கத்தவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. மென்பொருளை ஆக்கியோர், இப்படியொரு ஊரில் இப்படியொரு கூட்டம் நடக்கும் என்று கனவிலும் கண்டிரார். எவரும் தீங்கு எண்ணவில்லை, எவரும் தேர்ந்தெடுக்கவுமில்லை. அந்த இடைவெளியிலேதான் ஒரு நல்ல மனிதரின் நற்பெயர் அகப்பட்டுக்கொண்டது. ஆதலாற்றான் இச்சிறு விடயத்தை நாம் சிறிதென்று கொள்வதில்லை.

மாற்றுவதற்கு வேண்டிய வேலையோ மிகச் சொற்பம். எக்செல்லில் 'பேஜ் லேஅவுட்' என்னும் பகுதியைத் திறந்தால் எல்லாம் ஓரிடத்தில் உள. தாளின் அளவை ஏ4 என்று குறிக்கலாம். தாளைக் கிடையாக வைக்கலாம். அப்போது பதினான்கு, பதினைந்து நிரல்கள் அடங்கும். எஞ்சியதையும் உள்ளே கொணர, அகலம் ஒரு பக்கம் என்று குறித்து உயரத்தைத் தன்னியல்பாக விட்டுவிடலாம். மென்பொருள் எழுத்தை வேண்டிய அளவு சுருக்கிக்கொள்ளும். உயரத்தையும் ஒரு பக்கம் என்று குறிப்பது கூடாது. குறித்தால், இருநூறு நிரைகளும் ஒரே தாளில் எறும்பு ஊர்ந்தாற்போல நெருங்கிவிடும். முதியோர் கண்ணுக்கு அவை கணக்காகா. கட்டக் கோடுகளை அச்சிடுமாறு ஓர் அடையாளமிட்டால், வாசிப்பவரின் கண் ஒரு நிரையிலிருந்து மற்றொன்றுக்கு வழுவாது.

'பிரிண்ட் டைட்டில்ஸ்' என்பதைத் திறந்தால், ஒவ்வொரு பக்கத்தின் மேலும் மீள வரவேண்டிய தலைப்பு நிரையையும், இடப்புறத்தில் மீள வரவேண்டிய நிரலையும் குறிக்கலாம். மேலே சொன்ன சங்கக் கணக்கிலே பெயர் நிரலை இவ்வாறு குறித்திருந்தால், நான்கு தாள்களாகப் பிரிந்திருந்தாலும் மூன்றாம் நான்காம் தாள்களிலும் பெயர்கள் வந்திருக்கும். கடை இளைஞரும் அவற்றை ஒதுக்கியிருக்கமாட்டார். யாவற்றுக்கும் மேலாக, அச்சிடும் கட்டளையைக் கொடுக்குமுன் முன்னோட்டத்தைப் பார்த்து, எத்தனை பக்கங்கள் என்று எண்ணிக்கொள்வது நன்று. இரண்டு பக்கம் எதிர்பார்த்த இடத்தில் நான்கு காட்டினால், ஏதோ பிரிந்துவிட்டது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

ஆனால் இங்கே மாணவர்கள் நன்கு அறிந்துகொள்ள வேண்டிய நுட்பமொன்று உண்டு. நாம் செய்யும் இம்மாற்றங்கள் ஒரு தாளுக்கு உரியன. அம்மென்பொருள் முழுவதுக்கும் உரியனவல்ல. ஒரே கோப்பினுள் பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு தாள்கள் இருக்குமாயின், முதலாவதை மாற்றியதால் மற்றைப் பதினொன்றும் மாறிவிடா. அவை யாவற்றையும் ஒருங்கே தெரிவு செய்துகொண்டு பக்க அமைப்பை மாற்றினால் எல்லாவற்றிலும் பதியும். மீள வரவேண்டிய தலைப்பை மாத்திரம் தாள்தோறும் தனியே குறித்தல் வேண்டும். வேலை முடிந்ததும் அக்கூட்டுத் தெரிவை நீக்கிவிட மறக்கலாகாது. நீக்காதிருந்தால், தை மாதத் தாளில் எழுதும் எண் மற்றைப் பதினொரு மாதங்களிலும் தானே எழுதப்பட்டுவிடும். அது அச்சுக் குழப்பத்தைவிடப் பன்மடங்கு பெரிய குழப்பம்.

இனிமேல் திறக்கும் ஒவ்வொரு புதிய கோப்பும் எமது விருப்பப்படியே பிறக்கவேண்டுமாயின் வார்ப்புரு ஒன்றைச் செய்து வைத்தல் வேண்டும். வெறுமையான பணிப்புத்தகமொன்றைத் திறந்து, தாள் அளவு, ஓரம், கிடை, கோடு முதலியவற்றை ஒழுங்குபடுத்தி, 'புக்' என்னும் ஆங்கிலப் பெயரில் வார்ப்புருவாக, 'எக்ஸ்எல் ஸ்டார்ட்' எனப்படும் கோப்புறையிலே சேமித்தால் போதும். புதிதாகச் செருகும் தாள்களுக்கு 'ஷீட்' என்னும் பெயரில் வேறொரு வார்ப்புருவைச் செய்துவைக்கலாம். தொடக்கத் திரையிலே காணப்படும் வெற்றுப் புத்தகத்தைத் தொட்டால் எமது வார்ப்புரு வராது. கொன்ட்ரோல் சாவியுடன் 'என்' எழுத்தை அழுத்தியே புதிய கோப்பைத் திறக்கவேண்டும். அல்லது அத்தொடக்கத் திரையைத் தோன்றாதவாறு நிறுத்திவிடவேண்டும்.

பணங்கொடாது பெறத்தக்க 'லிப்ரே ஒபிஸ்' மென்பொருளிலே இது இன்னும் எளிது. அங்கே அச்சு ஒழுங்குகள் பக்கப் பாணி என்னும் ஒன்றிலே அடங்கியுள்ளன. அப்பாணியை ஒருமுறை திருத்தினால், அக்கோப்பில் அதனைப் பின்பற்றும் தாள்கள் யாவும் திருந்திவிடும். பின்னர் அதனை வார்ப்புருவாகச் சேமிக்கும்போது, இயல்பான வார்ப்புருவாகக் கொள்க என்னும் இடத்தில் அடையாளமிட்டால் ஆயிற்று. இரண்டு மென்பொருளிலும் பழைய கோப்புகள் பழையபடியே இருக்கும். வார்ப்புரு இனிப் பிறப்பவற்றுக்கே வழிகாட்டும். முன்னர்ப் பிறந்தவற்றைத் திருத்தமாட்டாது.

இனி, கடதாசியின் விலையையும் நோக்குவோம். சதுர மீற்றருக்கு 80 கிராம் எடையுள்ள தாள்தான் எங்கும் வழங்குகின்றது. அதில் ஓர் ஏ4 தாளின் நிறை 5 கிராம். 500 தாள்கொண்ட கட்டு இரண்டரைக் கிலோகிராம். சிறு கந்தோரொன்றிலே, நிரலொன்று பிரிந்து வீணாகப் போன தாள்கள் வாரத்துக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 50 வாரங்களெனக் கொண்டால் ஆயிரம் தாள்கள்; அதாவது இரண்டு கட்டுகள், 5 கிலோகிராம். சிறு துளி பெருவெள்ளம் என்று எமது முன்னோர் சொன்னது சேமிப்புக்கு மட்டுமன்று, விரயத்துக்கும் பொருந்தும்.

இந்நாட்டிலே கடதாசியின் அருமையை நாம் மறந்துவிட இயலாது. 1950களிலே வாழைச்சேனையில் வைக்கோலைக் கொண்டு கடதாசி செய்யும் ஆலையொன்று நிறுவப்பட்டபோது, நாட்டுக்கு வேண்டிய தாளை நாமே ஆக்குவோம் என்ற நம்பிக்கை பலர் உள்ளத்தில் இருந்தது. 2022 மார்ச் மாதத்திலோ, இறக்குமதிக்குப் பணமின்றிக் கடதாசியும் மையும் கிடையாமையால், மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. அதே மாதத்தில் இரண்டு நாளிதழ்கள் தமது சனிக்கிழமைப் பதிப்பை அச்சிடாது நிறுத்தின. பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்துவிட்டுக் காத்திருந்த பிள்ளைகள் பலர் இன்று எமது வாசகர்களாய் இருக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு தாளின் பெறுமதியை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

சிக்கனமாயிருங்கள் என்று சுவரில் எழுதிவைத்தாற் போதாதா எனச் சிலர் கேட்பர். சுவீடன் நாட்டின் பெரிய பல்கலைக்கழகமொன்றில் இதனையே சோதித்துப் பார்த்து, 2016ஆம் ஆண்டில் ஆய்வொன்றை வெளியிட்டார்கள். கடதாசியைக் குறையுங்கள் என்று வேண்டுகோள் விடுத்ததனாற் பயன் விளையவில்லை. அச்சுப்பொறிகளின் இயல்பமைப்பை, ஒரு பக்கம் என்பதிலிருந்து இரு பக்கமும் என்று மாற்றியவுடன், நாளாந்தக் கடதாசிச் செலவு ஏறக்குறைய 15 வீதம் குறைந்தது. ஒரு பக்கம் வேண்டியவர் தேர்ந்துகொள்ள எவ்விதத் தடையும் இருக்கவில்லை. பெரும்பாலோர் தேரவில்லை, அவ்வளவே. மனிதர் கெட்டவர்களல்லர்; வேலைமிக்கவர்கள். முன்னே வைக்கப்பட்டதை எடுத்துக்கொண்டு தம் வழியே போய்விடுகிறார்கள். ஆகவே முன்னே எதனை வைப்பது என்பதிலேதான் கவனம் வேண்டும்.

இதனாற் கண்டவற்றையெல்லாம் மாற்றிவிடுக என்று நாம் கூறுவதாகக் கொள்ளலாகாது. சில இயல்பமைப்புகளுக்குத் தக்க காரணம் உண்டு. ஓரங்களில் விடப்படும் வெறுமையை முற்றாக நீக்கினால், பெரும்பாலான அச்சுப்பொறிகள் தாளின் விளிம்புவரை அச்சிடமாட்டாமையால் எழுத்துகள் வெட்டுண்டு போகும். கோப்பிலே தைப்பதற்கும் இடமிராது. அன்றியும், பலர் பயன்படுத்தும் கணினியிலே ஒருவர் தம் விருப்பப்படி மாற்றிவிட்டு வாய்பேசாது போவாராயின், பிறருக்கு அவரே அந்தக் கண்காணாத தேநீர்க்கடைக்காரர் ஆகிவிடுகிறார். ஏன் இவ்வாறு இருக்கிறது என்று அறிந்து மாற்றுதல், மாற்றியதை அருகிலிருப்போருக்கு அறிவித்தல், இவ்விரண்டும் வேண்டும். ஒரு சிறு துண்டில் எழுதிக் கணினியின் அருகே ஒட்டிவைத்தாலும் போதும்.

வீட்டிலும் இதுவே முறை. பிள்ளை எத்தனை மணிக்குப் படிக்க இருப்பது, இரவிலே கைத்தொலைபேசி எங்கே வைக்கப்படுவது, வருமானத்தில் முதற்பங்கு எதற்குப் போவது என்பனவெல்லாம் ஒவ்வொரு நாளும் ஆராய்ந்து முடிவுசெய்யப்படுவன அல்ல. எவரோ ஒருவர் என்றோ ஒருநாள் வகுத்துவிட்டார். நாம் அதன்வழி நடக்கிறோம். அவற்றுள் நல்லன பல. தாயொருத்தி வகுத்துவைத்த நல்ல ஒழுங்கு, அவள் இல்லாத காலத்திலும் அவ்வீட்டைக் காத்துநிற்பதை நாம் கண்டிருக்கிறோம். காலங்கடந்தனவும் சில உண்டு. ஆண்டுக்கு ஒருமுறையேனும் குடும்பமாக உட்கார்ந்து, இது இன்னும் எமக்குப் பொருந்துகிறதா என்று கேட்டுப் பார்ப்பது பயனுள்ள பழக்கம்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலே வாசிகசாலை, கோயிற் சபை, கூட்டுறவுச் சங்கம், விளையாட்டுக் கழகம் என்று ஏதாவது ஒன்று கணக்கெழுதி அச்சிடாதிருக்காது. பெரும்பாலும் அதனை வயது முதிர்ந்த ஒருவர் ஊதியமின்றிச் செய்துகொண்டிருப்பார். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன் அவரிடஞ் சென்று, "கணக்கு அச்சிட முன்னம் ஒருக்கால் பார்த்துத் தரட்டோ?" என்று கேளுங்கள். தாளைக் கிடையாக்கி, ஏ4 என்று குறித்து, பெயர் நிரல் ஒவ்வொரு பக்கத்திலும் வருமாறு அமைத்து, வார்ப்புருவாகவும் சேமித்துக் கொடுங்கள். அரை மணி நேரம் செல்லும். அடுத்த ஆண்டு அக்கணக்கை எழுதுபவர் வேறொருவராயினும், அவர் திறக்கும் வெறுந்தாள் முன்னரே ஒழுங்காய் அமைந்திருக்கும். அதனை அமைத்துத் தந்தவர் யாரென்று அவர் அறிய வேண்டுவதில்லை.